பிள்ளைப்பேறும் பொடி டப்பாவும்



பல்லாவரத்திலிருந்து ஒரு சகோதரி மடல் எழுதியிருக்கிறார். பெயரையும் தெருவையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நிக்காஹ் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை இல்லை. அவருக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய்ச் சோதனை அனைத்தும் செய்தாகிவிட்டது. எதிலும் குறையில்லை என்றே முடிவு வந்துள்ளது. "உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள்" என்று மருத்துவர் மூன்று முறை சொல்லிவிட்டார். கணவரோ, "எனக்கென்ன குறை?" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாராம்.

ஆனால் அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் மூன்று டப்பாக்கள் இருப்பதை அச்சகோதரி பார்த்திருக்கிறார். ஒன்று விளம்பரம் பார்த்துத் தபாலில் வரவழைத்த பொடி. மற்றொன்று வளைகுடாவில் இருக்கும் மச்சான் கொடுத்தனுப்பிய கேப்சூல். மூன்றாவது உடற்பயிற்சிக் கூடத்தில் வாங்கிய மாவு. மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பகுதி இவற்றிற்கே போகிறது. இதற்கிடையே மாமியார், வாணியம்பாடியில் உறவுக்காரப் பெண் ஒருத்தி இருப்பதாகப் பேச்சுவாக்கில் இரண்டு முறை சொல்லிவிட்டார். அச்சொல்லின் பொருள் விளங்காத மருமகள் எவரும் இல்லை.

மடலின் முடிவில் அச்சகோதரி கேட்பது இதுதான்: "அவர்களுக்கு நான் என்ன சமைத்துக் கொடுத்தால் நலம்? அந்த மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடச் சொல்லலாமா?"

இவ்விரு கேள்விகளுக்கும் விடை சொல்லவே இம்மாதப் பகுதி. ஆனால் கேட்டவருக்கு மட்டுமன்று, அவருடைய கணவருக்கும் மாமியாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

குறை யாரிடம் என்று தேடுவதற்கு முன்

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார். அத்தகைய தம்பதியரில் சுமார் பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் உண்டு என்பது மருத்துவர்களின் பொதுக்கருத்து. சிலரிடம் கணவர் தரப்பில் மட்டும், சிலரிடம் இருவர் தரப்பிலும் இருக்கும். சிலரிடம் எவ்வளவு தேடினாலும் காரணம் தெரியாமலே போவதும் உண்டு. அப்படியிருக்க, மனைவியை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைய விடுவது கணக்கில் பாதியை விட்டுவிட்டுக் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? அல்லாஹ் தான் நாடியவர்களுக்குப் பெண் மக்களையும், தான் நாடியவர்களுக்கு ஆண் மக்களையும் வழங்குகிறான். சிலருக்கு இரு பாலரையும் தருகிறான். சிலரைப் பிள்ளைப்பேறு அற்றவராகவும் ஆக்குகிறான். இது திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் அறிவிக்கும் செய்தி. மகப்பேறின்மை பெண்ணுக்கு மட்டும் உரியது என்று அங்கே பிரிக்கப்படவில்லை.

நபி ஸகரிய்யா (அலை) அவர்களின் வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். 19ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வரும் அவர்களுடைய பிரார்த்தனையை ஊன்றிப் பாருங்கள். தம்முடைய எலும்புகள் தளர்ந்ததையும் தம் தலை நரைத்ததையுமே அவர்கள் முதலில் இறைவனிடம் முறையிட்டார்கள். மனைவியின் நிலையை அதன் பின்னரே கூறினார்கள். ஓர் இறைத்தூதருக்கே தம்முடைய பலவீனத்தை முதலில் சொல்வது இழிவாகத் தோன்றவில்லை. நம் சகோதரர்களுக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்? நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். மருந்து தேடுவதற்கு முன் நோய் இன்னதென்று அறிவதும் அந்த ஏவலில் அடங்கும்.

மூன்று மாதக் கணக்கு

விந்தணு ஒரே நாளில் உருவாகிவிடுவதில்லை. விரையில் அது தோன்றி முழு வடிவம் பெற ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. அதன்பின் நீந்தும் ஆற்றலைப் பெற்று வெளிவரும் வரை மேலும் சில நாட்கள் வேண்டும். ஆக மொத்தம் மூன்று மாதங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இன்று ஒருவர் உண்ணும் உணவும், கைவிடும் சிகரெட்டும், குறைக்கும் எடையும் மூன்று மாதங்களுக்குப் பின்னரே பலன் காட்டும். பதினைந்து நாளில் எண்ணிக்கையை இருமடங்காக்கும் என்று எந்த டப்பாவின் மேல் எழுதியிருந்தாலும், உடலின் இயல்பை அறிந்தவர் அதை எழுதியிருக்க மாட்டார்.

விரைகள் உடலுக்கு வெளியே பையில் தொங்குமாறு படைக்கப்பட்டிருப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைந்த வெப்பத்திலேயே விந்தணு உற்பத்தி சீராக நடைபெறும். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

முதற்படி பரிசோதனை

ஓராண்டு இல்லறம் நடத்தியும் கருத்தரிக்கவில்லையெனில் இருவரும் ஒருசேர மருத்துவரைக் காண வேண்டும். மனைவிக்கு வயது 35ஐக் கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். கணவருக்குரிய முதல் சோதனை விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. மனைவிக்குச் செய்யப்பட்ட கருக்குழாய்ச் சோதனையின் வலியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இரண்டு நாட்களுக்குக் குறையாமலும் ஏழு நாட்களுக்கு மேற்படாமலும் உறவைத் தவிர்த்திருந்து மாதிரி கொடுக்க வேண்டும். மாதிரி எடுக்கும் முறை பற்றி நம் சகோதரர்கள் பலருக்கு மார்க்க அடிப்படையில் தயக்கம் இருக்கிறது. அதை ஆய்வகத்தாரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். மனைவியின் துணையுடன் எடுக்கலாம். விந்தணுவைக் கொல்லும் பூச்சு இல்லாத, இதற்கென்றே செய்யப்பட்ட உறையும் உண்டு. சாதாரண ஆணுறை உதவாது. வீட்டில் எடுத்தால் உடல் வெப்பம் குன்றாமல் சட்டைக்குள் வைத்து, ஒரு மணி நேரத்திற்குள் ஆய்வகம் சேர்த்துவிட வேண்டும். பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ வசிப்பவர், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலையும் கணக்கில் கொண்டு அருகிலுள்ள ஆய்வகத்தையே தேர்ந்தெடுப்பது நன்று.

முடிவுத்தாளைப் படிக்கச் சில எண்களை அறிந்திருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி, குறைந்தபட்ச அளவுகள் இவை: விந்தின் அளவு 1.4 மில்லி லிட்டர். ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள். அசைவுள்ளவை நூற்றுக்கு 42. முன்னோக்கி நீந்துபவை நூற்றுக்கு 30. சரியான வடிவமுள்ளவை நூற்றுக்கு 4. கடைசி எண்ணைக் கண்டு பலர் நடுங்கிவிடுகிறார்கள். நூற்றில் நான்கே நல்ல வடிவில் இருந்தாலும் அது இயல்புதான். இவ்வளவுகளுக்குக் கீழே இருந்தும் தந்தையானோர் உண்டு. மேலே இருந்தும் காத்திருப்போர் உண்டு. இவை தீர்ப்பு அல்ல, வழிகாட்டும் எண்கள். காய்ச்சல் கண்டு எழுந்தவருக்கும் எண்ணிக்கை சில வாரங்கள் குறைந்திருக்கும். எனவே முதல் முடிவு சரியில்லையெனில் சில வார இடைவெளியில் மீண்டும் ஒருமுறை சோதித்த பின்னரே முடிவு கட்ட வேண்டும்.

பரிசோதனை ஏன் முதற்படி? சில குறைகள் உணவாலும் மாத்திரையாலும் தீராதவை. விந்தில் அணுவே இல்லாத நிலை ஆண்களில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. அது குழாய் அடைப்பினால் என்றால் ஆயிரம் பேரீச்சம்பழம் உண்டாலும் அடைப்பு திறக்காது. விரைநாளங்கள் புடைத்திருக்கும் வேரிகோசீல் என்னும் நிலை ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் உள்ளது. குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரிடம் காணப்படுகிறது. தேவையானவர்களுக்குச் சிறு அறுவை சிகிச்சையால் இதைச் சீராக்கலாம். பருவ வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, குழந்தைப் பருவத்தில் விரை கீழிறங்காமை, சர்க்கரை நோய், வேறு நோய்களுக்காக உண்ணும் சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். டப்பாவை நம்பி ஓராண்டைக் கழிப்பவர் அந்த ஓராண்டை மனைவியின் வயதிலிருந்துதான் கழிக்கிறார்.

மாத்திரைகள் தேறினவா?

ஆண்களுக்கான பிள்ளைப்பேற்று மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பவை துத்தநாகம், ஃபோலிக் அமிலம், செலினியம், வைட்டமின் சி, வைட்டமின் இ, கார்னிடின், கோஎன்சைம் க்யூ 10 போன்றவை. இவற்றுள் முதல் இரண்டையும் அமெரிக்காவில் மிகப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். குழந்தைக்காக மருத்துவம் நாடிய 2,370 தம்பதியர் அதில் பங்கேற்றனர். கணவர்களில் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 5 மில்லி கிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லி கிராம் துத்தநாகமும் ஆறு மாதம் கொடுத்தார்கள். மறுபாதியினருக்குச் சத்தில்லாத வெற்று மாத்திரை. 2020இல் முடிவு வெளியாயிற்று. சத்து மாத்திரை உண்டவர்களில் 404 பேருக்குக் குழந்தை பிறந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களில் 416 பேருக்குப் பிறந்தது. பயன் இல்லை என்பதுடன், சத்து மாத்திரை உண்டவர்களுக்கு வயிற்றுக் கோளாறும் கூடுதலாக இருந்தது.

அதே ஆண்டில், பல சத்துக்களை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்த மற்றோர் அமெரிக்க ஆய்வும் வெளிவந்தது. அதிலும் விந்தணுவின் அசைவோ வடிவமோ மேம்படவில்லை. சிறு ஆய்வுகள் பலவற்றில் நற்பலன் காணப்பட்டிருப்பது உண்மை. அனைத்தையும் தொகுத்து எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வு, பயன் இருக்கக்கூடும், ஆனால் சான்று வலுவற்றது என்றே கூறுகிறது. ஆதலால் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மூன்று மாதம் உண்டு பார்ப்பதில் தவறில்லை. அதையே முழு மருத்துவமாகக் கருதுவதுதான் தவறு.

நம் நாட்டு மருந்துகளும் உண்டு. அமுக்கராக் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், விந்தணு குறைந்த 46 பேரில் ஒரு பிரிவினருக்கு 90 நாட்கள் அதன் சாரத்தைக் கொடுத்தபோது எண்ணிக்கை நன்கு உயர்ந்தது. கருஞ்சீரகத்தின் மீது நமக்குள்ள மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. ஈரானில் 68 ஆண்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், கருஞ்சீரக எண்ணெயை நாளொன்றுக்கு இருவேளை இரண்டரை மில்லி லிட்டர் வீதம் இரண்டு மாதம் உண்டவர்களின் விந்தணு எண்ணிக்கையும் அசைவும் கூடின. இவை மகிழ்ச்சி தரும் செய்திகளே. எனினும் 46 பேரும் 68 பேரும் மிகச் சிறிய தொகை. அவற்றில் பெரிதும் அளந்தது அணுக்களை. பிறந்த குழந்தைகளை அன்று. அமுக்கரா சிலருக்கு அரிதாகக் கல்லீரலைப் பாதித்ததும் பதிவாகியுள்ளது.

சித்த மருத்துவம் நாடுவோர் தபாலில் வரும் பொடியை நம்பத் தேவையில்லை. பல்லாவரத்திலிருந்து இரண்டாவது ரயில் நிலையம் தாம்பரம் சானட்டோரியம். அங்கே மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. பட்டம் பெற்ற மருத்துவர் நாடி பார்த்து, பரிசோதனைத் தாளையும் பார்த்து, மருந்து தருவார். அலோபதி மருந்தும் உண்பவர் இருவரிடமும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று டப்பாக்கள்

இனி அலமாரிக்கு வருவோம்.

முதலாவது, விளம்பரப் பொடி. ஆண்மைக்குறைவைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் நம் நாட்டில் தடை செய்திருக்கிறது. அச்சட்டத்தை மீறி விளம்பரம் செய்பவர், டப்பாவிற்குள் போடுவதில் மட்டும் நேர்மை காப்பார் என்று எதை வைத்து நம்புவது? உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத பொடியை வாயில் இடவே கூடாது.

இரண்டாவது, வெளிநாட்டுக் கேப்சூல். இங்கே நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. கேப்சூலின் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் மாட்டிலிருந்தும் எடுக்கப்படும், பன்றியிலிருந்தும் எடுக்கப்படும். நம் நாட்டில் உணவுச் சத்தாக விற்கப்படும் டப்பாவில் சைவத்தைக் குறிக்கும் பச்சை வட்டம் இருந்தால் விலங்கு ஜெலட்டின் இல்லை என்று கொள்ளலாம். வெளிநாட்டு டப்பாவில் ஹலால் முத்திரையைத் தேடுங்கள். ஐயம் இருந்தால் மாத்திரை வடிவில் உள்ளதை மருத்துவரிடம் கேளுங்கள். தெளிவுக்கு உலமாப் பெருமக்களிடம் கேளுங்கள். இங்கு விற்பனையாகும் உணவுச் சத்து எதிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும்.

மூன்றாவது டப்பாவே எனக்கு அதிக அச்சம் தருகிறது. புரத மாவு மட்டுமே எனில் பெரிய கேடில்லை. ஆனால் உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் தசை பெருக்கவென்று டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஸ்டீராய்டு மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார்கள். இது ஆண்மைச் சுரப்புநீர்தானே, பிள்ளைப்பேற்றுக்கு நல்லதுதானே என்று நினைக்கிறார்கள். நேர் எதிர். வெளியிலிருந்து இச்சுரப்புநீர் வந்தால், விரைகளுக்குக் கட்டளையிடும் மூளைச் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி குறைந்து, அற்றே போகலாம். நிறுத்திய பின் மீள்வதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகலாம். தோளும் மார்பும் விரிந்திருக்க, விந்தில் அணுவே இல்லாத இளைஞர்களை மருத்துவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள். இத்தகைய எதையேனும் எடுத்திருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள் சகோதரரே.

சமையலறையில் செய்யக்கூடியது

சகோதரியின் முதல் கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். உணவால் குழந்தை பிறக்கும் என்று வாக்களிக்க இயலாது. ஆனால் நல்ல உணவு விந்தணுவின் தரத்துக்கு உதவும் என்பதற்குச் சான்று உண்டு.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 117 நலமான இளைஞர்களிடம் 2012இல் வெளியான ஆய்வு நடைபெற்றது. நாள்தோறும் 75 கிராம் அக்ரூட் பருப்பை 12 வாரம் உண்டவர்களின் விந்தணுக்கள் உயிர்ப்பிலும் அசைவிலும் வடிவிலும் மேம்பட்டன. ஸ்பெயின் நாட்டில் 2018இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 60 கிராம் பருப்புக் கலவையை 14 வாரம் உண்டவர்களிடமும் அவ்வாறே. டென்மார்க்கில் 701 இளைஞர்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவோ எச்சரிக்கையாக அமைந்தது. நெய், வெண்ணெய், கொழுத்த இறைச்சி முதலியவற்றில் உள்ள நிறைகொழுப்பை மிக அதிகம் உண்டவர்களின் விந்தணுச் செறிவு, குறைவாக உண்டவர்களைவிட 38 விழுக்காடு குறைந்திருந்தது.

இதை நம் தட்டில் பொருத்திப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பிரியாணி, ஞாயிறு பாயா, இடையிலே இரவுதோறும் கடைப் பரோட்டாவும் எண்ணெய் மிதக்கும் சால்னாவும் என்று ஓடும் வாரம் மாற வேண்டும். பிரியாணியை விலக்கச் சொல்லவில்லை. அதை வாரத்தில் ஒருநாளுக்குரிய விருந்தாக வையுங்கள். இறைச்சியில் கொழுப்பை நீக்கி, அளவாகச் சமையுங்கள். இறைச்சியிலும் முட்டையிலும் துத்தநாகம் இருக்கிறது. பூசணி விதை, கொண்டைக்கடலை, எள் ஆகியவற்றிலும் இருக்கிறது. நம் நாட்டு ஆணுக்கு நாளொன்றுக்கு 17 மில்லி கிராம் துத்தநாகம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. இதனைப் பெரும்பாலும் உணவிலேயே பெற முயலலாம்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன் சமையுங்கள். விலை மிகுந்த வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் ஒமேகா 3 கொழுப்பு நிறைய உண்டு. பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் ஃபோலிக் சத்துக்கு நல்லவை. பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்குப் போகும் நாளில் ஒரு வாரத்துக்குரிய காய்கறியையும் பழத்தையும் வாங்கிவிடலாம். நெல்லிக்காயும் கொய்யாவும் தரும் வைட்டமின் சி எந்த மாத்திரைக்கும் இளைத்ததன்று. தக்காளியும் தர்பூசணியும் நலம். அக்ரூட்டும் வாதுமையும் வாங்க இயலாதவர் ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை உண்ணலாம். அது ஆய்வில் இடம்பெற்ற பருப்பு அன்று எனினும் நல்ல கொழுப்பும் புரதமும் உடையது. பேரீச்சம்பழம் இரண்டு மூன்று போதும். சர்க்கரை நோயுள்ளவர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சமைத்துக் கொடுத்து, கணவர் சிகரெட்டை விடவில்லையெனில் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே ஆகும். புகையிலை எவ்வடிவில் இருந்தாலும் விட வேண்டும். வயிறு முன் தள்ளியிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேர நடை செலவில்லாத மருந்து.

ரமளானில் மருந்தை நிறுத்திவிடுவோர் உண்டு. பெரும்பாலான மாத்திரைகளை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே உண்ணலாம். நேரத்தை மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். நோன்புக் கஞ்சியும் பழமும் போதுமானபோது, வடையும் சமோசாவும் தட்டு நிறைய வேண்டுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

தொழிலும் வெப்பமும்

அச்சகோதரியின் கணவர் நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் பணியாற்றுகிறாராம். பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதியும் தோல் தொழிலும் பிரிக்க இயலாதவை. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பல முஸ்லிம் குடும்பங்களுக்கு இத்தொழில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டிருக்கிறது. ஆதலால் தொழிலைக் குறை கூறுவதற்காக அன்று, காப்பிற்காகவே இதைச் சொல்கிறேன்.

தோல் பதனிடலில் பயன்படுவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமிய உப்பு. இதனினும் கொடியது ஆறு இணைதிறன் குரோமியம். அது விலங்குகளின் விந்தணுக்களைக் குறைத்தமை ஆய்வகங்களில் காணப்பட்டுள்ளது. ஈயமும், சில கரைப்பான்களும், பூச்சிமருந்துகளும், கடும் வெப்பமும் ஆண்களின் விந்தணுவைப் பாதிக்கக் கூடியவை. கையுறையும் காலணியும் முகமூடியும் தவறாமல் அணிய வேண்டும். உண்பதற்கு முன் கையை நன்கு கழுவ வேண்டும். வேலை உடையை ஆலையிலேயே மாற்றி, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். கொதிகலன் அருகிலோ அடுப்பருகிலோ நிற்பவரும், நாள் முழுதும் வண்டி ஓட்டுபவரும் இடையிடையே எழுந்து காற்றாட நிற்க வேண்டும். இறுக்கமான ஜீன்ஸைவிட நம் கைலி எவ்வளவோ மேல். மருத்துவரிடம் செல்லும்போது செய்யும் வேலையின் தன்மையையும் மறவாமல் சொல்லுங்கள்.

அதற்கு மேலும் வழி உண்டு

உணவும் மருந்தும் பலன் தராவிட்டாலும் கதவு மூடிவிடுவதில்லை. தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990இல் நம் சென்னையில், டாக்டர் கமலா செல்வராஜ் அவர்களின் மருத்துவத்தால் பிறந்தது. ஒரே ஒரு விந்தணுவை எடுத்துக் கருமுட்டையினுள் செலுத்தும் முறையால் குழந்தைகள் பிறந்த செய்தி 1992இல் பெல்ஜியத்திலிருந்து வெளிவந்தது. விந்தணு மிகக் குறைந்தவரும் தந்தையாகும் வாய்ப்பை அது திறந்தது. தனியார் மருத்துவமனைகளில் இதற்குப் பெருந்தொகை ஆகும். ஆனால் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024இல் அரசின் கருத்தரிப்பு மையம் தொடங்கப்பட்டுள்ளது. பல்லாவரத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் எழும்பூரில் இறங்கலாம்.

மார்க்க நிலையும் தெளிவானது. எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷைகு ஜாதுல் ஹக் அவர்கள் 1980இல் அளித்த தீர்ப்பில், கணவரின் விந்தணுவும் மனைவியின் கருமுட்டையும் மட்டும் கொண்டு, திருமண உறவு நிலைத்திருக்கும்போது செய்யப்படும் இச்சிகிச்சை ஆகுமானது என்றார்கள். மூன்றாமவரின் விந்தணு கூடாது என்றார்கள். இதையே பெரும்பாலான சன்னத் வல் ஜமாஅத் அறிஞர்கள் ஏற்றுள்ளனர். கையொப்பமிடும் படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கொடையாளர் அணு வேண்டாம் என்பதை எழுத்திலேயே கொடுங்கள். 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டப்படி எழுத்து வடிவிலான ஒப்புதல் இன்றி இச்சிகிச்சை செய்யக் கூடாது.

மாமியாருக்கு ஒரு சொல்

அம்மா, வாணியம்பாடிப் பெண்ணைப் பற்றிப் பேசுமுன் உங்கள் மகனின் பரிசோதனைத் தாளைக் கேளுங்கள். குறை அவரிடம் இருந்து, அதை அறியாமலே இன்னொரு பெண்ணை நீங்கள் அழைத்து வந்தால், நான்கு ஆண்டுகள் கழித்து அவளும் இதே சமையலறையில் இதே கண்ணீரோடு நிற்பாள். இரு பெண்களின் வாழ்வுக்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிவரும். மகனைச் சோதனைக்கு அழைத்துச் செல்ல உங்களைவிடத் தகுதியானவர் அவ்வீட்டில் இல்லை. மனைவி சொன்னால் அவமானமாக நினைக்கும் பிள்ளை, தாய் சொன்னால் எழுந்து வருவான்.

சகோதரியே, நீங்கள் கேட்ட கேள்விக்கு முறையான விடை இதுவே. மீன் குழம்பு வையுங்கள், கீரை சமையுங்கள், பருப்பு கொடுங்கள். ஆனால் அவருடைய பரிசோதனை முடிந்த பின் அந்தத் தாளைப் பார்த்து வையுங்கள். மூன்று டப்பாக்களையும் மறைக்காமல் எடுத்துக்கொண்டு இருவரும் ஒன்றாகச் செல்லுங்கள். மருத்துவர் எதை வைத்துக்கொள்ளலாம், எதை எறியலாம் என்று சொல்லட்டும். அம்மடலை நீங்கள் எனக்கு எழுதினீர்கள். இப்பக்கத்தைக் கணவர் கண்ணில் படுமாறு மேசைமீது வைத்துவிடுங்கள். அவரிடம் சொல்ல இயலாததை எல்லாம் நான் சொல்லிவிட்டேன்.

முதிய வயதில் ஸகரிய்யா (அலை) அவர்களுக்கு யஹ்யாவை அளித்த இறைவன், காத்திருக்கும் ஒவ்வோர் இல்லத்திற்கும் தன் அருளைப் பொழிவானாக. தருவதிலும் தராததிலும் அவன் நாட்டத்தைப் பொருந்திக்கொள்ளும் உள்ளத்தையும், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டாத பண்பையும் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.